மூன்றாவதைச் சொல்வதற்குள் இரண்டாவது மறந்துவிடுகிறது

"பையை வெச்சுட்டு, கை கால் கழுவிட்டு, கணக்கு நோட்டை எடுத்துட்டு வாடா கண்ணு." ஆறு வயதுப் பையன் பையைக் கழற்றி வைக்கிறான். அப்புறம் கூடத்து நடுவிலேயே நிற்கிறான். கெண்டைக்கால் சதை திரண்டிருக்கிறது, நிற்பதே நுனிக்காலில். அம்மாவின் குரல் ஏறுகிறது. அவன் அழுது கத்தி, நோட்டைப் பிடுங்கி எறிகிறான்.

டூஷென் தசைச்சிதைவு நோய் உள்ள பையன்களின் வீடுகளுக்கு இது பழகிய மாலைப்பொழுது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்ற பழி அம்மா தலையில்தான் விழும். நோயே அவளால் வந்தது என்ற பேச்சு அதற்கு முன்பே விழுந்திருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு மரபணுப் பிழை புதிதாக உண்டாகிறது, தாயிடமிருந்து வருவதில்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1860களில் இந்நோயை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டூஷென், சில பையன்களின் அறிவு வளர்ச்சி மந்தமாக இருப்பதை அப்போதே கவனித்தார். காரணம் பிடிபட நூறாண்டுக்கு மேல் ஆனது. இந்தப் பையன்களுக்கு இல்லாமற்போகும் புரதம் டிஸ்ட்ரோஃபின். 1987-இல் அடையாளம் காணப்பட்ட அதற்குத் தசையைப் போலவே மூளையிலும் வேலை இருக்கிறது. அதன் குட்டை வடிவங்கள் சிலவும் மூளையில் உண்டு. டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் பின்பகுதியில் பிழை விழுந்தால் அவையும் கெட்டு, படிப்புச் சிரமம் வரும் வாய்ப்பு அதிகம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வெரோனிகா ஹின்டன் குழு, இந்தப் பையன்கள் தடுமாறும் இடத்தைத் துல்லியமாகக் காட்டியது. எண்களை வரிசையாகத் திருப்பிச் சொல்வது, கேட்ட கதையை நினைவில் வைப்பது, நீளமான கட்டளையைப் பிடித்துக்கொள்வது. சொற்களின் பொருள் அவர்களுக்குத் தெரிகிறது. சொற்கள் மனதில் தங்குவதில்லை. ஆக, அந்தப் பையன் பிடிவாதம் பிடிக்கவில்லை. கை கழுவச் சொன்னது அவனுக்கு நினைவில்லை. கவனக் குறைபாடும் ஆட்டிசமும் மற்றப் பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம். பேச்சு தாமதமாவது சில வீடுகளில் முதல் அறிகுறி.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: தசைக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. அதை நாமாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

தசை பலவீனம் வயதோடு கூடும். இந்தக் கற்றல் சிரமம் அப்படி முற்றுவதில்லை, சிறு வயதிலேயே இருக்கிறது. அதனால்தான், சக்கர நாற்காலி வரும்வரை காத்திராமல், ஒன்றாம் வகுப்பிலேயே கற்றல் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் தசைச்சிதைவும் கற்றல் குறைபாடும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. தரைத்தள வகுப்பறை கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதும் அதே கடிதத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: பையனை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.