தம் தரத்தைத் தாமே எழுதுவோர்

ரொறன்ரோ நகரிலே வாழும் என் தம்பியின் இல்லத்தில் ஒரு பனிக்காலம் தங்கியிருந்தேன். ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அவன் என்னைத் தன் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தைக் காண அழைத்துச் சென்றான். மாலைப் பொழுதெல்லாம் சிறுவர்க்கே பனித்தளம் ஒதுக்கப்படுதலால், வளர்ந்தோர்க்கு வாய்ப்பது பெரும்பாலும் இத்தகைய அகால வேளையே.

1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி மொன்றியல் நகரிலே, கூரையின்கீழ் ஒழுங்கமைத்து ஆடப்பெற்ற முதலாட்டம் நிகழ்ந்தது. அன்றுதொட்டு இவ்விளையாட்டு அந்நாட்டார்க்கு உயிராயிற்று. நான் கண்டவர்களோ புகழ்பெற்ற வீரரல்லர். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள். ஆயினும் இவர்களுக்குள்ளும் ஏ, பீ, சீ, டீ எனப் படிநிலைகள் உண்டு. மேற்படியில் இளமையிலேயே கல்லூரி அணிகளில் ஆடித் தேர்ந்தோர் இருப்பர். கடைப்படியில் வயது முதிர்ந்தபின் சறுக்கப் பழகியோர்.

றப்பர் வட்டை வலைக்குள் அடிப்பதே திறமை என எண்ணியிருந்தேன். அன்று, கையினும் காலே முதன்மையானது. பின்னோக்கிச் சறுக்குதல், காலின்மேற் கால் மாற்றி வளைதல், இருபக்கமும் திரும்பிச் சட்டென நிற்றல் ஆகியவற்றாலேயே தரம் புலப்படும். புதியோர் பலர்க்கு ஒருபக்கந் திரும்பியே நிற்க வரும். மறுபக்கம் வேண்டின் தடுப்புச் சுவரே கதி!

பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று படிகளை ஏறியவன் யான். படிதோறும் பரீட்சகர் இருந்தனர். இங்கோ பெரும்பாலும் ஒருவன் தன் தரத்தைத் தானே விண்ணப்பத்தில் எழுதுகின்றான். எளியோரை எளிதில் வெல்லக் கருதித் தம்மைத் தாழ்த்தி எழுதுவோரும் உளராம். அடக்கத்தின் வேடம் பூண்ட இக்களவை வேறெங்கும் நான் கண்டதில்லை. உடலால் மோதுதல் விலக்கப்பட்டிருப்பினும், விரைந்து வருவோன் முன்னே நிற்கவும் விலகவும் அறியாதான் அகப்பட்டால் எலும்பு முறியும்.

தம்பி முப்பத்தெட்டு வயதிற் பழகத் தொடங்கியவன். முந்திய ஆண்டு அவன் அணி கடைப் பிரிவிலே கிண்ணம் வென்றது. பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்றனராம் தோழர் சிலர். அவன் உடன்படாது, மேற்பிரிவு அணியொன்றிற் சேர்ந்துவிட்டான். நான் பார்த்த அன்று அவ்வணி 7 கோல் வாங்கி, ஒன்றேனும் போடாது தோற்றது.

ஆறுதல் கூற வாயெடுத்தேன். அவனோ வியர்வை வழியும் முகத்தோடு, "அண்ணை, ஒருக்கா இடப்பக்கம் திரும்பி நிண்டனான், கண்டனீங்களே?" என்றான்.

கண்டேன் என்றேன். உண்மையில் அப்பொழுது நான் கம்பளிக்குள் முகம் புதைத்துக் கண்ணயர்ந்திருந்தேன்.