உலகின் ராட்சத எலும்பு பொடியானது எப்படி?
பூட்டிய அறைக்குள் கல்லான உயிர்கள்! ஒட்டிய சீட்டு போனால் எல்லாம் போச்சு!

சென்னை,

காணாமல் போன ஆளைத் தேடிப் பிடிக்கலாம். களவு போன நகையை அடகுக் கடையில் மீட்கலாம். ஆனால், 7 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்துவிட்டு, வெளியே வந்ததும் பொடிப் பொடியாகப் போன எலும்பை எந்தப் போலீசாலும் மீட்க முடியாது.

அப்படி ஒரு எலும்பு நம் தமிழ்நாட்டில் போய்விட்டது. சாதாரண எலும்பு அல்ல. உலகத்தில் நடமாடிய மிருகங்களிலேயே மிகப் பெரியது இதுவாக இருக்குமோ என்று இன்றைக்கும் வெளிநாட்டு விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் எலும்பு!

ஆறரை அடி கால்

அரியலூர் பக்கம் உள்ள ஊர் கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அங்கே ராட்சத எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். அதாவது ஆறரை அடி! ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் எலும்புதான் உயரம்.

1987-ம் ஆண்டுக் கட்டுரையில் இந்த டைனோசருக்கு ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரப் பல்லி என்று அர்த்தம். முதலில் மாமிசம் தின்னும் ஜாதி என்று நினைத்தார்கள். பிறகு, நீளக் கழுத்தோடு இலை தழை தின்னும் ஜாதி என்று தெரிந்தது. அர்ஜென்டினா நாட்டு ராட்சத டைனோசருக்குக்கூட அதே எலும்பு 5 அடி சொச்சம்தான். நம்ம ஊர்க்காரரின் எடை 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று 2023-ல் ஒரு கணக்கு வெளியானது. இருபது யானையைச் சேர்த்துக் கட்டினாலும் போதாது!

ஆனால், அந்த எலும்பு எங்கே?

இல்லை. உதிர்ந்து பொடிந்துவிட்டது. மிஞ்சியது காகிதத்தில் போட்ட படங்கள்தான். “அது எலும்பே இல்லை, கல்லாய்ப் போன மரமாக இருக்கும்” என்றுகூடச் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு எடுத்துக் காட்ட கையில் பொருள் கிடையாது. அந்தக் காலத்தில் எடுத்த போட்டோக்களை அய்யாசாமியும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் 2022-ல் வெளியிட்ட பிறகுதான் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

பூட்டிய அறை

இப்படிப் போகாமல் காப்பதற்குத்தான் கல்லூரிகளில் ஓர் அறை உண்டு. பொதுஜனம் பார்க்காத அறை.

சென்னையில் மெரினா எதிரே மாநிலக் கல்லூரி, கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகம், அடையாறு பக்கம் சர்தார் பட்டேல் சாலையில் அண்ணா பல்கலைக்கழகம் என்று மூன்று இடங்களில் நிலவியல் துறை இருக்கிறது. இந்த மாதிரித் துறைகளில் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு இருப்பது கொஞ்சம். இழுப்பறையில் அடைந்து கிடப்பதுதான் மிச்சம்.

இழுப்பறையை இழுத்தால் என்ன இருக்கும்? சுருட்டி வைத்த பாய் மாதிரி அம்மோனைட் என்ற கடல் பிராணி. துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் பெலம்னைட். சிப்பி, சங்கு, சுறா மீனின் பல். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர் எல்லாம் கடல்! அந்தக் கடலில் நீந்தியவை இன்றைக்குக் காரையிலும் கருடமங்கலத்திலும் சிமெண்டு கம்பெனிகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கல்லாகக் கிடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பாறையைப் பிளந்தால் பழங்காலத்து இலையின் அச்சு, நரம்பு முதற்கொண்டு தெரியும்.

இதற்கெல்லாம் அவ்வளவு தூரம் போவானேன்? மயிலாப்பூரில் பல வீட்டுப் பூஜை அறையிலேயே ஒன்று இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமம்! பெருமாளின் சக்கரம் என்று கும்பிடுகிறோமே, அந்தச் சுழி அம்மோனைட்டின் கூடு பதிந்த தடம்தான். தினமும் பால் அபிஷேகம் நடப்பதால் அது பத்திரமாக இருக்கிறது. இழுப்பறையில் இருப்பவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சாட்சிப் பொருள்

கொலை வழக்கில் கத்தியை எடுத்தால் போலீசார் என்ன செய்வார்கள்? எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதிச் சீட்டு கட்டுவார்கள். சீட்டு இல்லாத கத்தி கோர்ட்டில் செல்லாது.

இங்கேயும் அதே கதைதான். சுத்தியும் உளியுமாக மாணவர்கள் அரியலூர் வெயிலில் தட்டி எடுத்த கல்லைப் பழைய பேப்பரில் சுற்றிச் சென்னைக்குக் கொண்டு வருவார்கள். வந்ததும் கல்லின் ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு வைத்து, அதன் மேல் கறுப்பு மையில் நம்பர். அதே நம்பர் பதிவேட்டில். ஊர் எது, ஓடையா சுரங்கமா, தரையிலிருந்து எத்தனையாவது அடுக்கு, என்ன தேதி, யார் எடுத்தது என்று சீட்டில் விவரம்.

சீட்டு தொலைந்தால்? கடல் பிராணி வெறும் கருங்கல்லாகிவிடும். அம்மிக்குப் பக்கத்தில் போடலாம், அவ்வளவுதான்!

முட்டை பரபரப்பு

2020-ம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது. “டைனோசர் முட்டை!” என்று ஊரெல்லாம் கூடிவிட்டது. செல்போனில் படம் பறந்தது. நிலவியல்காரர்கள் வந்து பார்த்தார்கள். முட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த மாதிரி வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல இழுப்பறைக் கல்தான் சாட்சி. புதிதாகக் கிடைத்ததைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

அதற்காக எல்லாமே புரளி என்று தள்ளவும் முடியாது. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நிஜமான டைனோசர் முட்டைகளையே கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடித்தார்கள்.

கப்பல் ஏறிய கற்கள்

இந்தச் சங்கதியை முதலில் தெரிந்துகொண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840-களில் கேய், கன்லிப் என்ற இரண்டு சென்னை அதிகாரிகள் திருச்சி, பாண்டிச்சேரி பக்கம் அள்ளிய கற்கள் லண்டனுக்குக் கப்பல் ஏறின. 1846-ல் அங்கேயே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு ஸ்டோலிச்கா என்பவர் ஆராய்ந்து பெரிய பெரிய புத்தகங்களாக எழுதியது கல்கத்தாவில்.

சென்னைக்கு ஒன்றுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியது. 1851-ல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இப்போது டி.பி.ஐ. வளாகம் இருக்கும் இடத்தில், சுமார் 1,100 கல், மண் மாதிரிகளோடு ஒரு கூடம் தொடங்கினார்கள். பொறுப்பேற்றவர் டாக்டர் பால்பர். 1854-ல் அது எழும்பூருக்குக் குடிபோனது. அதுதான் நமது ‘செத்த காலேஜ்’, எழும்பூர் மியூசியம்! சிலையும் செப்புத் திருமேனியும் பிற்பாடு வந்தவை. முதலில் குடியேறியது கல்தான்.

மூன்று எதிரிகள்

கல்லுக்கு என்ன கேடு வரும் என்று கேட்கலாம். வரும்.

முதல் எதிரி சென்னையின் ஈரக்காற்று. சில படிவங்களுக்குள் கந்தகம் கலந்த இரும்புத் தாது மின்னும். ஈரம் பட்டால் அது அமிலமாக மாறிக் கல்லை உள்ளேயிருந்து தின்னும். தட்டும் சீட்டும் சேர்ந்து அரித்துப் போகும். ஒரு நாள் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே சாம்பல் மாதிரி தூள்!

இரண்டாவது எதிரி ராமபாணப் பூச்சி. அது கல்லைத் தொடாது. சீட்டைத் தின்றுவிடும்.

மூன்றாவது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் கல் கரையாது. சீட்டு கரைந்துவிடும்.

இதற்கு வைத்தியம் பெரிய செலவில்லை. இழுப்பறையைக் கீழ்த்தளத்தில் வைக்காமல் மாடியில் வைக்க வேண்டும். ஈரம் புகாமல் மூட வேண்டும். பதிவேட்டுக்கு ஒரு பிரதி, கல்லுக்கு ஒரு போட்டோ எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பழைய வாத்தியார் ஓய்வு பெறும்போது சாவியோடு விவரத்தையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் வேலை உண்டு. அரியலூர் பக்கம் போகிறவர்கள் கண்ணில் பட்டதை நினைவுப் பொருளாகப் பையில் போட்டு வரக் கூடாது. கிடக்கும் நிலையிலேயே படம் எடுத்து, ஊர் பேரைக் குறித்து, நிலவியல் துறைக்கோ மியூசியத்துக்கோ தகவல் கொடுத்தால் போதும். பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்கே அழைத்துப் போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கல்லமேட்டு ராட்சதனுக்கு ஓர் அலமாரி கிடைக்கவில்லை. இழுப்பறையில் இருக்கும் சின்னச் சிப்பிக்குக் கிடைத்திருக்கிறது. அதன் சீட்டையாவது பூச்சி தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.