500 துண்டு, ஒரு மேசை, நாலு பேர்... பேசாத வீட்டைப் பேச வைத்த ஜிக்சா பஸில்!

தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூரில் தையல் மிஷின் சத்தம் கேட்காத தெருவைப் பார்ப்பது கஷ்டம். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு கவுன் ஒரே ஆள் கையில் உருவாகிவிடாது. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து, கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாக வெட்டிக் கட்டுப் போட்டுவிடுவார். அதை ஒருவர் மூட்டுவார், இன்னொருவர் ஓவர்லாக் அடிப்பார், வேறொருவர் பட்டன் கட்டுவார். துண்டு துண்டாகக் கிடந்தது கடைசியில் ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தையின் பண்டிகை உடுப்பாகிவிடும்.

துண்டுகளைச் சேர்த்தே பிழைக்கும் இந்த ஊருக்கு, போன தீபாவளி முடிந்த கையோடு நான் ஒரு ஜிக்சா பஸில் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு பெரிய படத்தை அட்டையில் ஒட்டி, வளைவு வளைவாக வெட்டிக் கலைத்துப் போட்டிருப்பார்களே, அதுதான். 500 துண்டு. பெரியப்பாவின் பேத்திக்கு ஒன்பது வயது, அவளுக்காக வாங்கியது.

பெரியப்பா வீட்டில் அப்போது ஒரு சிக்கல். அவருக்குச் சொந்தமாகச் சின்ன தையல் யூனிட் இருக்கிறது. மகன் அதை எடுத்து நடத்துவான் என்று நினைத்திருந்தார். அண்ணனோ சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அதிலிருந்து எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அவனச் சாப்பிடச் சொல்லு", "அப்பாகிட்ட சொல்லிருங்கம்மா" என்று பெரியம்மா வழியாகத்தான் எல்லாம். இந்த மாதிரி வீடு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தீபாவளி முடிந்தால் யூனிட்டில் வேலை குறைந்துவிடும். காலியாகக் கிடந்த கட்டிங் மேசையில் பாப்பா துண்டுகளைக் கொட்டினாள். மலைப்பாலத்தில் போகும் ரயில் படம். முதலில் அவளும் நானும். பிறகு மருமகளுக்கு உதவ அண்ணன் வந்து உட்கார்ந்தார். ரயில், பாலம், மரம் எல்லாம் சீக்கிரம் சேர்ந்துவிட்டன. மாட்டியது வானம். முழுக்க நீலம், எந்தத் துண்டைப் பார்த்தாலும் ஒரே மாதிரி.

கணக்கு நோட்டைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கமாக வந்துபோய்க்கொண்டிருந்த பெரியப்பா, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். அவர் படத்தையே பார்க்கவில்லை. நாற்பது வருஷம் பேட்டர்ன் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து, துணி வீணாகாமல் இடுக்கில் சின்னத் துண்டைச் சொருகிப் பழகிய கண் அது. வளைவை மட்டும் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து அண்ணன் முன்னால் தள்ளி, "இத வச்சுப் பாரு" என்றார். சரியாக உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "ஒரு பக்கம் காது நீண்டு இருக்கும், அப்பிடி ஒண்ணு கெடக்காப்பா?" என்று கேட்டார். பெரியம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வானம் முடிய ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. எழுந்திருக்கும்போது பெரியப்பா கேட்டார்: "காலையில எத்தன மணிக்குப் பஸ்ஸு?"

சண்டை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அண்ணன் சென்னைக்குத்தான் போனார். யூனிட்டை யார் பார்ப்பது என்பது அப்படியே கிடக்கிறது. ஆனால் இப்போது பெரியம்மா தூது போவதில்லை.

அந்த மேசையில் அப்படி என்ன இருந்தது என்று பிறகு யோசித்தேன். எதிரெதிரே உட்காரவைத்து "ரெண்டு பேரும் பேசுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. பஸிலில் கண் துண்டின் மேல், கை வேலையில். முகத்தைப் பார்க்க வேண்டாம். பேச ஒரு காரணமும் தானாகவே கிடைக்கிறது: 'அந்த நீலத்தை எடு.' தாயத்திலும் கேரமிலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஆகாது. இதில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. ஒன்பது வயதும் அறுபது வயதும் ஒரே மேசையில் சமமாக உட்காரலாம். நடுவில் எழுந்து போனாலும் ஆட்டம் கெடாது.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. வத்தல் காம்பு கிள்ளும்போது, கடலை உடைக்கும்போது, பருத்தி எடுக்கும்போது வராத பேச்சா? கோவில்பட்டிப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டிய, கட்டை அடுக்கிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பேச்சு, கடன் பேச்சு, மாமியார் பேச்சு எல்லாம் அந்த வட்டத்தில்தான் ஓடியிருக்கும். அது கூலி வேலை. அதைச் சும்மா அழகாகச் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கை வேலையாக இருக்கும்போது வாய் திறந்துகொள்ளும் என்பதை இந்த மண் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டது. இப்போது தீப்பெட்டிக்கு மிஷின் வந்துவிட்டது. மோட்டார் வைத்த தையல் மிஷினில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. காதில் ஹெட்செட் வேறு.

ஜிக்சா முதலில் பாடம் நடத்தத்தான் வந்தது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின்படி அறுத்து விற்றார். பிள்ளைகள் பூகோளம் படிக்க. நம் கடைகளில் மாநிலம் மாநிலமாகக் கழற்றி மாட்டும் இந்திய வரைபடம் தொங்குகிறதே, அதன் பாட்டன் இவர்தான். ஜிக்சா என்ற பெயர் அறுக்கும் ரம்பத்தின் பெயரிலிருந்து பின்னாளில் ஒட்டிக்கொண்டது.

இது குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்தது ஒரு கஷ்ட காலத்தில். 1930-களின் பொருளாதாரச் சரிவில் அமெரிக்காவில் வேலையிழந்தவர்கள் வீட்டில் முடங்கியபோது, மலிவான அட்டைப் பஸில்கள் வாராவாரம் பத்திரிகைக் கடைக்கு வந்தன. 1933-ன் தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி வரை விற்றிருக்கிறது! காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் இரவல் வாங்கினார்கள். அதே 1933-ல் பிரிட்டனில் ஜிக்சாவுக்கென்றே ஒரு நூலகம் தொடங்கியது. மரப் பஸில்களை இரவலாகத் தபாலில் அனுப்புவார்கள். பெட்டியின் மேல் படம் இருக்காது. சேர்த்துத்தான் என்ன படமென்று தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஊரடங்கிலும் பல நாடுகளில் பஸிலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2019 முதல் ஸ்பெயினின் வயாடோலிட் நகரில் உலகப் போட்டியே நடக்கிறது. தனி ஆள், ஜோடி, நாலு பேர் அணி என்று பிரிவுகள் உண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பஸில் போடுவதில் என்ன சுகமோ, எனக்குப் புரியவில்லை.

மூளைக்கு நல்லது என்று பெட்டியில் போட்டிருப்பார்களே? அதைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகம் 50 வயதைத் தாண்டிய 100 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டது. ஒரு பிரிவினர் 30 நாள், தினமும் ஒரு மணி நேரமாவது பஸில் போட்டார்கள். பஸில் போடும்போது மூளையின் பல திறன்கள் வேலைக்கு வருவது உண்மை. ஆனால் அந்த ஒரு மாதத்தில், போடாதவர்களைவிட அவர்களின் மூளைத்திறன் சொல்லும்படி உயர்ந்துவிடவில்லை. ஞாபகசக்திக்கு மருந்து என்று தாத்தாவிடம் திணிக்காதீர்கள். கூட உட்கார ஆள் இருந்தால் அவரே வருவார்.

வாங்குவதாக இருந்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கு 60-லிருந்து 100 துண்டு போதும். குடும்பமாக என்றால் 500. ஆயிரத்தில் தொடங்கினால் இரண்டாம் நாளே பெட்டி பரணுக்குப் போய்விடும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் கவனம், துண்டு நேராக வாய்க்குத்தான் போகும். 500 துண்டுப் படம் சுமார் ஒன்றரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம் வரும். அதைவிடப் பெரிய பலகையில் போட்டால், சாப்பாட்டு நேரத்தில் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஓரத் துண்டுகளை முதலில் பிரித்து எடுங்கள். பிறகு நிறம் நிறமாக. வயதானவர்களுக்குப் பெரிய துண்டு, நல்ல வெளிச்சம். போனில் வரும் ஜிக்சா ஆப்பை இதில் சேர்க்காதீர்கள். அதன் மேல் நாலு தலை குனிய இடமில்லை.

காசே செலவில்லாமலும் செய்யலாம். சிவகாசிக் காலண்டர் இல்லாத வீடு ஏது? பழைய காலண்டர் படத்தை மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டி, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் வளைவுகள் வரைந்து, நல்ல கத்தரிக்கோலால் வெட்டினால் முடிந்தது. சாமி படத்தை வெட்ட மனசு வராதவர்கள் இயற்கைக் காட்சியோ, பெரிதாகப் பிரின்ட் போட்ட குடும்ப போட்டோவோ எடுக்கலாம். எங்கள் பாப்பா ஆச்சியின் அறுபதாம் கல்யாண போட்டோவைத்தான் வெட்டியிருக்கிறாள். யார் மூக்கு யாருக்கு என்று ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது.

வெட்டி முடித்ததும் துண்டுகளை எண்ணி, எண்ணிக்கையைப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள். கடைசித் துண்டைத் தானே வைக்க வேண்டும் என்று, ஆரம்பத்திலேயே ஒன்றைப் பாவாடைக்குள் ஒளித்துவைக்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு.