ஈஜோக்குக்கு மேலே 4,400 அடி

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்து ஓடுபாதையின் வடமேற்கு முனையில் 15 என்று பெரிய எண் எழுதியிருக்கும். அந்த முனையில் இறங்கும் விமானம் காந்தத் திசையில் ஏறக்குறைய 150 பாகையை, அதாவது தென்கிழக்கைப் பார்த்து இறங்குகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு வரைபடத்தை எடுத்து, அந்த ஓடுபாதையைப் பின்னோக்கி வடமேற்கே நீட்டிக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு எல்மினாவைத் தாண்டும். செம்பனைக் காடுகளின் மேலாகப் போய் நம் ஊரான ஈஜோக்கை உரசிக்கொண்டு கோலசிலாங்கூர் பக்கம் நகரும்.

சுபாங்கிலிருந்து ஈஜோக்குக்கு நேர்கோட்டில் சுமார் 26 கிலோமீட்டர். விமானம் இறங்கும் வழக்கமான சரிவு 3 பாகை; ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 170 அடி. அந்தச் சரிவிலேயே வருகிற விமானம் நம் தலைக்கு மேல் 4,400 அடியில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் சொன்னபடி அதற்கு முன்பே தாழ்ந்து சமமாகப் பறந்து வருவதும் உண்டு. எப்படியானாலும், நம்மைக் கடந்த சில நிமிடங்களில் அது தரையைத் தொடப்போகிறது. மழை இறங்கி, வெளியே வெள்ளையாக எதுவும் தெரியாத நேரத்தில், விமானம் எத்தனை அடியில் இருக்கிறது என்பது அந்த விமானிக்கு எப்படித் தெரிகிறது? விமானத்தைப் பற்றி எத்தனையோ கேள்விகள் கேட்கலாம். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்விதான். இதற்கான விடையின் ஒரு பகுதி நம் வட்டாரத்துத் தோட்ட மண்ணில் எழுதப்பட்டது.

விமானத்தின் பழைய உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதே இல்லை. காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. உள்ளே காற்று நீக்கி மூடிய ஒரு சிறு உலோகச் சிமிழ் இருக்கும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், சிமிழ் விரியும், முள் நகரும். தரைக்கு அருகே 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 27 அடி ஏறியதாகக் கணக்கு. சிக்கல் என்னவென்றால், விமானம் ஓர் அங்குலம்கூட நகராமல் நிற்கும்போதும் காற்றழுத்தம் மாறிக்கொண்டிருக்கும். நம்மைப் போன்ற நிலநடுக்கோட்டுப் பகுதியில் இந்த மாற்றம் கடிகாரம் பார்த்துத்தான் நடக்கிறது. காலை 10 மணியளவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை 4 மணியளவில் இறங்கியிருக்கும். இரவு 10 மணிக்கு மறுபடி ஏறும். கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல் காற்றுக்கும் உண்டு. ஆனால் இதை நடத்துவது நிலவின் ஈர்ப்பு அல்ல, பெருமளவுக்குச் சூரியனின் வெப்பம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். காலையில் சரிசெய்த உயரமானியை மாலையில் அப்படியே நம்பினால், அது காட்டுவதைவிட நூறு அடி கீழே பறந்துகொண்டிருப்பீர்கள்.

அழுத்தமானி உள்ள கைப்பேசி வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே மேசையில் வைத்து, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. இந்த மாற்றம் இருப்பதால்தான் ஒவ்வொரு விமான நிலையமும் அந்த நேரத்து அழுத்தத்தை வானொலியில் சொல்கிறது. விமானி அதைக் கருவியில் திருத்திக்கொள்கிறார். அப்படித் திருத்திய பிறகும் அந்தக் கருவிக்குத் தெரிவது கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பது மட்டுமே. கீழே குன்று இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

1977 செப்டம்பர் 27. தோக்கியோவிலிருந்து ஹாங்காங், கோலாலம்பூர் வழியாகச் சிங்கப்பூர் போகவேண்டிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 715, மோசமான வானிலையில் சுபாங்கை நெருங்கியது. டிசி-8 ரக விமானம். 69 பயணிகள், 10 பணியாளர்கள். நாம் மேலே கோடு போட்ட அதே 15ஆம் ஓடுபாதைக்குத்தான் அது வந்தது. அன்று அது பின்பற்றிய வானொலி வழிகாட்டி திசையை மட்டுமே காட்டும், சரிவைக் காட்டாது. இப்படிப்பட்ட இறக்கத்தில் விதி ஒன்று உண்டு. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்வரை குறிப்பிட்ட ஓர் உயரத்துக்குக் கீழே போகக்கூடாது. அன்றைக்கு அந்த எல்லை 750 அடி. ஓடுபாதை தெரியாமலே விமானம் அதற்கும் கீழே இறங்கியது. ஓடுபாதைக்குச் சுமார் 4 மைல் முன்னால், எல்மினா தோட்டத்தில், ஏறக்குறைய 300 அடி உயரத்தில் ஒரு குன்றின் சரிவில் மோதியது. மூன்று பாகைச் சரிவில் வந்திருந்தால் அந்த இடத்தில் 1,100 அடிக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டிய விமானம். 34 பேர் மாண்டார்கள். 45 பேர் பிழைத்தார்கள்.

இதில் இயந்திரக் கோளாறு எதுவும் காரணமாகச் சொல்லப்படவில்லை. நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம், விமானியின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே தரையில் மோதியது. உலகம் முழுவதும் அந்தக் காலத்தில் பயணிகளை அதிகமாகக் கொன்றது இந்த வகை விபத்துதான். இறந்தவர்களுக்குக் கோலாலம்பூரின் ஜப்பானிய இடுகாட்டில் நினைவுச் சின்னம் இருக்கிறது. விமானங்களை விரும்புகிற ஒவ்வொருவரும் ஒருமுறை போய் அங்கே நின்றுவிட்டு வர வேண்டும்.

ஆறு ஆண்டு கழித்து, 1983 டிசம்பர் 18 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த மலேசிய விமானம் 684 கடும் மழையில் அதே சுபாங்குக்குச் சுமார் 2 கிலோமீட்டர் முன்னால் மரங்களில் மோதி விழுந்தது. விமானம் அழிந்தது, உள்ளே இருந்த 247 பேரும் உயிர் பிழைத்தார்கள். 1989 பிப்ரவரி 19இல் எதிர்த்திசையில், பூச்சோங் பக்கத்திலிருந்து வந்த ஃபிளையிங் டைகர் 66 என்ற போயிங் 747 சரக்கு விமானம் குன்றில் மோதியது, நால்வரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். எண்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னதில், முதலில் வந்த ‘டூ’ என்ற இரண்டை விமானிகள் எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், ‘க்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். 400 அடிக்கு இறங்கச் சொல்கிறார் என்று கொண்டு, அதையே திருப்பியும் சொன்னார்கள். அது திருத்தப்படவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி பலமுறை கத்தியது. யாரும் விமானத்தை மேலே இழுக்கவில்லை. அந்த எச்சரிக்கை வந்தவுடன் காரணம் ஆராயாமல் முழு விசையோடு மேலே ஏற வேண்டும் என்ற பயிற்சி விமானிகளுக்கு வருவதற்குப் பூச்சோங் விபத்து முக்கியக் காரணம்.

அந்த எச்சரிக்கைக் கருவிக்குப் பின்னால் இருந்தவர் டான் பேட்மேன் என்ற பொறியாளர். கனடாவில் பிறந்தவர். எட்டு வயதில், 1940இல், இரண்டு ராணுவ விமானங்கள் வானில் மோதி விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தவர். 1960களின் இறுதியில் அவர் குழு செய்த முதல் கருவி, விமானத்தின் அடிவயிற்றிலிருந்து நேர் கீழே வானொலி அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக்கொண்டு தரையை அளக்கும் வானொலி உயரமானியை நம்பியிருந்தது. இதற்குக் காற்றழுத்தம் பற்றிக் கவலையில்லை. 1974 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்து மலை ஒன்றில் பயணிகள் விமானம் மோதி 92 பேர் இறந்த பிறகு, அமெரிக்கா இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது.

ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கீழே மட்டுமே பார்த்ததால், முன்னால் செங்குத்தாக எழும் மலை கடைசி நொடிகளில்தான் அதற்குத் தெரிந்தது. இரண்டாவது ஓட்டைதான் நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை முக்கியமானது. சக்கரங்களையும் இறக்கை மடிப்புகளையும் இறக்கிவிட்ட விமானம் தரையை நெருங்குவது இயல்பு என்று கொண்டு, கருவி பல எச்சரிக்கைகளை அடக்கிவிடும். இறங்கத் தயாராகி, ஆனால் ஓடுபாதைக்குச் சில மைல் முன்னாலேயே இறங்கிவிடுகிற விமானத்தை அது காப்பாற்றாது.

ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று கருவிக்கே தெரிந்தால்தான் இந்த ஓட்டையை அடைக்க முடியும். 1990களில் பேட்மேன் குழு அதைச் செய்தது. உலகத்தின் மலைகளும் ஓடுபாதைகளும் எங்கே, எத்தனை அடி உயரத்தில் இருக்கின்றன என்ற பட்டியல் கருவிக்குள் போனது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது, அதன் ராணுவம் ரகசியமாக வைத்திருந்த நில வரைபடங்களை வாங்கிச் சேர்த்தார்கள். ஓடுபாதையிலிருந்து 4 கடல்மைல் வாக்கில், தரைக்கு மேல் 400 அடிக்குக் கீழே ஒரு விமானம் போனால், சக்கரம் இறங்கியிருந்தாலும் சரி, புதிய கருவி குரல் கொடுக்கும். எல்மினா குன்று இருந்த தூரத்தை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1977இல் இப்படி ஒரு குரல் உலகில் எந்த விமானத்திலும் இல்லை.

இந்தக் கருவிக்குத் தான் இருக்கும் இடம் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் விண்வெளி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக்கடிகாரங்களோடு சுற்றுகின்றன. குறைந்தது நான்கிலிருந்து வரும் சமிக்ஞைகளின் நேரத்தை ஒப்பிட்டு இடம் கணிக்கப்படுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் சொன்னபடியே, மேலே இருக்கும் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தூரக் கணக்கு பிசகும். கிட்டத்தட்ட நம் ஈஜோக்கிலிருந்து சுபாங் வரையிலான தூரத்தில் பாதி.

நிலத்தின் உயரத்தையும் விண்வெளியிலிருந்து அளந்தார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை வெளியே நீட்டிக்கொண்டு, ராடார் மூலம் 11 நாளில் உலக நிலப்பரப்பில் 80 விழுக்காட்டின் மேடுபள்ளத்தை அளந்தது. மலேசியா முழுவதும் அதில் அடங்கும். அடர்ந்த தோப்புகளில் அந்த ராடார் அலை மண்வரை போய்ச் சேரவில்லை. இலைத்திரளின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆகவே அந்த உலக வரைபடத்தில் நம் பகுதிக்குப் பதிவான உயரத்தில், அன்று நின்ற ரப்பர் மரங்களும் செம்பனைகளும் சேர்ந்தே இருக்கின்றன. பல தோட்டங்கள் இப்போது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. விண்ணோடம் எடுத்த அந்த அளவில் நம் பழைய தோட்டங்களின் மரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உயரம் என்ற கேள்வி இப்படி ஏறக்குறையத் தீர்ந்தபிறகு, எல்மினாவில் இன்னொரு விபத்து நடந்தது. 2023 ஆகஸ்ட் 17, பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன். லங்காவியிலிருந்து சுபாங்கின் அதே ஓடுபாதைக்கு வந்த சிறிய ஜெட் நெடுஞ்சாலை அருகே விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும், சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் இறந்தார்கள். வானம் தெளிவாக இருந்தது; உயரம் தெரியாமல் நடந்ததல்ல. இறக்கையின் மேல், தரையைத் தொட்டபிறகு மட்டும் எழ வேண்டிய தகடுகள் உண்டு. எழுந்தவுடன் அவை இறக்கையின் தூக்குவிசையைக் கொட்டிவிடும். எடை சக்கரத்தில் உட்கார்ந்து, தடை நன்றாகப் பிடிக்கும். இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பின்போது அவை வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டன என்று விசாரணையின் இறுதி அறிக்கை சொன்னது.

காற்றில் இருக்கும்போது அந்தத் தகடுகளை எழவே விடாமல் தடுக்கும் அமைப்பைச் சிறிய விமானங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரத்தில் எடை விழுந்ததை உணர்ந்த பிறகே இத்தகைய தகடுகள் முழுதாக எழும்படி செய்வது பழைய வழக்கம்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 1977இல் கீழே தோட்டம் இருந்தது. 2023இல் கீழே சாலையும் புதுநகரமும் இருந்தன. 2024 ஆகஸ்ட் முதல் சுபாங்கில் ஜெட் பயணிகள் விமானங்கள் மறுபடி இறங்குகின்றன. அந்தக் கோட்டின் கீழே வாழ்கிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கும்போது, மேலே போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் மிக உயர்ந்த பாதுகாப்பைக் கேட்பது நம் உரிமை.

தரையைத் தொட்டு அளக்கும் அந்த வானொலி அலை இப்போது நம் கைக்கே வந்துவிட்டது. சிலாங்கூரின் நெல்வயல்களில் மருந்து அடிக்கும் டிரோன்கள் பலவற்றில் ஒரு சிறு ராடார் கீழே பார்த்தபடி இருக்கிறது. நிலம் மேடானால் டிரோனும் ஏறும், தாழ்ந்தால் இறங்கும். பயிருக்கு மேல் எப்போதும் ஒரே உயரம். அதை இயக்குவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். தோட்டப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு முறையாகப் படித்து வர வேண்டும். அவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது எல்மினாவையும் பூச்சோங்கையும் முதல் பாடமாக வைக்கலாம்.