கவறும் கணிப்பும்

பலகையாட்டங்களைப் பழையன, புதியன எனப் பகுப்பதே வழக்கம். அம்பாறைக் கரையோரத்துக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களை மனத்திற் கொண்டு நோக்குவார்க்கோ வேறொரு பகுப்பு முற்படத் தோன்றும். காயை நகர்த்துவது ஆடுவோன் அறிவா, அவன் எறியும் கவறா என்பதே அது.

இவ்வூரவருட் பெரும்பாலார் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். கவறெறிந்து ஆடும் 'நர்த்' என்னும் ஆட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. சதுரங்கத்தின்மீது இமாம் ஷாபிஈ (767–820) அத்துணைக் கடுமை காட்டினாரல்லர். விரும்பத்தகாதது என்றாரேயன்றி, ஹராம் என்று தள்ளினாரில்லை. பந்தயம் கூடாது, தொழுகை தவறலாகாது என்பன நிபந்தனைகள். ஒன்று சிந்தனையைச் சார்ந்தது, மற்றொன்று கவற்றைச் சார்ந்தது எனப் பிற்கால ஷாபிஈ நூலார் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கூறினர். பிற மத்ஹபினருட் பலர் சதுரங்கத்தையும் விலக்கினர். அயலிலுள்ள காரைதீவு போன்ற இந்து ஊர்களுக்கும் கவற்றச்சம் புதிதன்று. தருமன் நாடிழந்தது அதனாலன்றோ? திருக்குறளிலும் சூதுக்கெனத் தனி அதிகாரம் உண்டு.

கவறில்லா ஆட்டங்களுள் ஆடுபுலி ஒன்று. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கோடுகளின்மீது வெளிப்படையாக நிற்கும். மறைந்திருப்பது எதிரியின் எண்ணம் மட்டுமே. இவ்வகை ஆட்டங்கட்கு ஒரு குறை உண்டு. வல்லவனே எப்போதும் வெல்வான். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே பலகை பொருந்தாது. மேலும், 64 கட்டத் தாம் ஆட்டத்தை இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றியே முடியும் என்று கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 2007இல் கணினியால் நிறுவினர். பல்லாங்குழியின் நிலை சற்று வேறு. பதினான்கு குழிகளிலும் தற்செயலென எதுவும் இல்லை. ஆயினும் முத்துக்கள் சுற்றிச் சுற்றி விழுங்கால் முடிவை முன்கூட்டி எண்ணிக் காண்பது அரிது. ஆதலின் சிறுமியும் பாட்டியை வெல்லக்கூடும். இது பெரிதும் வியக்கத்தக்க அமைப்பாகும். இக்காலத்துப் பெருவிருப்பிற்குரிய கரம் இவ்விரு வகையிலும் அடங்காது. அது விரலின் திறன்.

புதியனவற்றுட் கடைதோறும் கிடைக்கும் லூடோ, பச்சீசியைத் தழுவி 1896இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றது. நான்கு காய்களுள் எதனை நகர்த்துவது என்னும் சிறு தெரிவு தவிர, ஏனையவெல்லாம் கவற்றின் செயலே. ஜெர்மானியராகிய கிளவுஸ் டொய்பர் இயற்றி 1995இல் வெளிவந்த 'கட்டான்' அத்தகையதன்று. அதில் இரு கவறுகள் விளைச்சலைத் தீர்மானிக்கும். முப்பத்தாறு வகை வீழ்ச்சிகளுள் ஏழு ஆறுமுறை வரும். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு முறையே வரும். இக்கணக்கை அறிந்தே குடியிருப்பு எங்கே அமைப்பது, எவரோடு பண்டம் மாற்றுவது என்பவற்றை ஆடுவோர் முடிவு செய்வர். மழையை நம்பி விதைக்கும் உழவனின் நிலைக்கு இது நெருங்கியது. லூடோவையும் இதனையும் ஒரு தட்டில் நிறுத்தல் பொருந்தாது.

அவ்விரு கவறுகட்கு மாற்றாக 36 சீட்டுக் கொண்ட கட்டொன்றும் கட்டானுக்கு வெளியிடப்பட்டது. கவறு நீங்கினும் தற்செயல் முற்றும் நீங்கியதாகாது. அதன் ஏற்றத்தாழ்வே குறைந்தது. ஆகவே, விலக்கப்பட்டது கவறு என்னும் பொருளா, தற்செயல் என்னும் தன்மையா, அன்றித் தற்செயலே முடிவைத் தீர்மானிக்கும் நிலையா என்னும் வினா எழுகின்றது. அதனைத் தீர்த்துரைப்பது மார்க்க அறிஞர்க்கு உரியது.