கூரைக்கும் சட்டம், பாஸ்தாவுக்கும் சட்டம்

ஃபிளாரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போலோன்யா வந்துவிடும். வெனிஸுக்குப் போகிற அவசரத்தில் பலரும் இங்கே இறங்குவதில்லை. நாங்கள் இறங்கினோம். அறையில் பெட்டிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பினால், வெளியே சாயங்கால மழை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் குடை கிடைக்குமா என்று கேட்டோம். “சதுக்கத்துக்குத்தானே போறீங்க? குடை எதுக்கு?” என்று சிரித்தார்.

சிரித்ததன் காரணம் வாசலிலேயே தெரிந்தது. ரயில் நிலையத்தின் பக்கமிருந்து ஊரின் நடுவுக்கு நேராகப் போகும் இந்திபெந்தென்சா தெருவில், கடைகளுக்கு முன்னால் வளைவுத் தூண்கள் தாங்கிய தாழ்வாரம் நீண்டுகொண்டே போகிறது. மேலே வீடுகள், கீழே நடைபாதை. இவற்றைப் ‘போர்ட்டிகோ’ என்கிறார்கள். பழைய நகரத்துக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர். வெளியே உள்ளதையும் சேர்த்தால் 62. 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவை அழகுக்காகக் கட்டியவை அல்ல. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்தைத் தேடி மாணவர்கள் குவிந்தார்கள்; பிழைப்புத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, அடியில் மரத்தூண் கொடுத்தார்கள். மற்ற ஊர்கள் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளின. போலோன்யா 1288-இல் நேர்மாறாக ஒரு சட்டம் போட்டது: புது வீடு கட்டினால் தாழ்வாரம் கட்டாயம், குதிரையில் போகிறவன் தலை இடிக்காத உயரத்தில். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் திண்ணையும் சொந்த வீட்டில் ஊராருக்கு விட்ட இடம்தான். ஆனால் அது வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது. இங்கே அது சட்டம்.

கால் வலிக்காமல் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்துக்கு வந்துவிட்டோம். எதிரே சான் பெத்ரோனியோ பேராலயம். 1390-இல் தொடங்கிய வேலை. முகப்பில் பாதி உயரத்துக்குப் பளிங்கு, அதற்கு மேல் வெறும் செங்கல். முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஜாம்போலோன்யா வடித்த வெண்கல நெப்டியூன். கையிலிருக்கும் திரிசூலம் எங்கேயோ பார்த்ததாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை. 1914-இல் இதே ஊரில் தொடங்கிய மசராட்டி நிறுவனத்தின் கார் சின்னம் இதிலிருந்து வந்ததுதான்.

சதுக்கத்தை ஒட்டி, பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் நாலு மூலைக் கவிகை மண்டபம் ஒன்று. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால், குறுக்கே எதிர்மூலையில் காதை வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. “பசிக்குது” என்றேன். எதிர்மூலையிலிருந்து மனைவியின் குரல்: “எனக்கும்தான்.”

பின்பக்கச் சந்துகள்தான் குவாட்ரிலாதெரோ, பழைய சந்தை. மீன் கடைக்கும் பழக் கடைக்கும் இடையில் மேசை போட்டு, ஒயினும் மெலிதாகச் சீவிய மோர்ததெல்லா இறைச்சியும் வைத்துக்கொண்டு ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. சந்து முடிந்து கொஞ்சம் நடந்தால் இரட்டைக் கோபுரங்கள். அசினெல்லி 97 மீட்டர். பக்கத்துக் கரிசெந்தா அதில் பாதி உயரம்தான், ஆனால் பார்த்தாலே பயப்படுகிற சாய்வு. 2023-இல் அதன் நிலைமை கவலைக்கிடமானதால் சுற்றிலும் தடுப்புப் போட்டார்கள். அசினெல்லியில் ஏறுவதையும் நிறுத்தினார்கள்.

ஏற முடியாத கோபுரம் சாப்பாட்டு மேசைக்கே வந்தது. இங்கே ‘ஸ்பகெட்டி போலோனீஸ்’ கேட்டால் முகம் சுளிப்பார்கள். கறிக்குழம்பான ராகுவுக்குத் துணை, முட்டை சேர்த்துப் பிசைந்த தாலியதெல்லே. தட்டில் மஞ்சள் நாடாக்கள். குழம்பு மிதக்கவில்லை, ஒவ்வொரு நாடாவிலும் ஒட்டியிருந்தது. வெந்த நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர், அதாவது அசினெல்லி உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்று 1972-இல் பதிவு செய்து, தங்கத்தில் மாதிரியும் செய்து வணிகச் சபையில் வைத்திருக்கிறார்கள். வேடிக்கைதான். ஆனால் எல்லாருக்கும் பொதுவானதை எழுத்தில் வைக்கும் பழக்கம்தான் எழுநூறு வருஷமாக அந்தக் கூரையையும் காப்பாற்றியிருக்கிறது.

நாளை சான் லூக்கா மலைக்கோயில். அடிவாரத்துக்கு முன்பிருந்து உச்சி வரை 666 வளைவுகள், ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். மலையேறுகிற பாதைக்குக்கூட எதற்குக் கூரை? அடுத்த வாரம் ஏறிப் பார்ப்போம்.

(பயணம் தொடரும்)