கருவியும் கையும்: சிறுவர் வாகனத்தின் முடுக்கியும் கொழுந்து வெட்டும் இயந்திரமும்

கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி பொறியியலாளருக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். ஆயின், ஒரு கருவியின் பிடி எவ்வளவு தடிப்பாக இருத்தல் வேண்டும், அதனை அழுத்த எவ்வளவு வலு வேண்டும் என்பன பொறியியல் வினாக்கள் மட்டுமல்ல. யாருடைய கையை மனத்திற்கொண்டு அக்கருவி ஆக்கப்பட்டது என்னும் சமூகவியல் வினாவும் அவற்றினுள் அடங்கியுள்ளது. இதனை விளக்க இரு கருவிகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, வசதிபடைத்த நாடுகளிற் சிறுவர் ஓட்டி விளையாடும் நாற்சக்கர மோட்டார் சைக்கிள். மற்றையது, மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றிற் புகுந்துள்ள கொழுந்து வெட்டும் இயந்திரம். இரண்டிலும் பெரும்பாலும் ஒரு சிறு பெற்றோல் எஞ்சின் உண்டு. அதன் வேகத்தைக் கையால் ஆளும் முடுக்கியும் உண்டு. அம்முடுக்கியை எளிதாக்குவது எவ்வாறு என்பதை முதலில் நோக்குவோம். அவ்வெளிமை யாருக்குப் பயன்படுகின்றது என்பதை அடுத்து ஆராய்வோம்.

சாதாரண மோட்டார் சைக்கிளின் முடுக்கி, கையால் முறுக்கப்படும் திருகுபிடியாகும். சிறுவரின் நாற்சக்கர வாகனத்திற் பெரும்பாலும் பெருவிரலால் அழுத்தும் நெம்பே அமைக்கப்படுகின்றது. இதற்குத் தக்க காரணம் உண்டு. மேடுபள்ளத்தில் வாகனம் குலுங்கும்போது ஓட்டுபவர் பின்னோக்கிச் சாய்வார். விழாதிருக்கக் கைபிடியை இறுகப் பற்றுவார். திருகுபிடியாயின் அந்தப் பற்றுதலே அதனைத் திறந்து வேகத்தைக் கூட்டிவிடும். பெருவிரல் நெம்பிலோ விரல் விலகியதும் வேகம் தணிகின்றது. நெம்பை அழுத்துகையில் ஒரு கம்பிவடம் இழுக்கப்பட்டு, காபரேற்றரின் காற்றுவழி திறக்கின்றது. விட்டதும் விற்சுருள் அதனை மீள மூடுகின்றது. எனவே பெருவிரல் எதிர்கொள்ளும் தடை இருவகைப்பட்டது: விற்சுருளின் எதிர்ப்பு ஒன்று, வடத்தின் உராய்வு மற்றொன்று. குறுகிய பெருவிரலும் இளந்தசையும் உடைய குழந்தைக்கு இவ்விரண்டும் சேர்ந்து சிறிது நேரத்திலேயே நோவைத் தருகின்றன.

இத்தடையைக் குறைக்கும் வழிகளுள் முதலாவது உராய்வை நீக்குதல். வடத்தைத் துப்புரவாக்கி எண்ணெயிடுதல், கூரிய வளைவின்றி அதனைக் கொண்டுசெல்லுதல், இழை பிரிந்த வடத்தை மாற்றுதல் ஆகியன இதனுள் அடங்கும். இரண்டாவது, நெம்பின் இருப்பைச் சீராக்குதல். அதனைப் பிணைக்கும் திருகாணியைத் தளர்த்திச் சற்றே சுழற்றினால், மணிக்கட்டு வளையாமல் விரல் நெம்பை எட்டும். மூன்றாவது, நெம்பின் நீளத்தைக் கூட்டுதல். நீளம் இருமடங்காயின் வேண்டிய விசை பாதியாகும். ஆனால் விரல் நகரவேண்டிய தூரமும் இருமடங்காகும். குழந்தையின் விரல் அவ்வளவு தூரம் நகருமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நான்காவதாக ஒரு வழி பலருக்குத் தோன்றும்: விற்சுருளையே தளர்த்திவிடுதல். இது தவிர்க்கவேண்டிய வழியாகும். விற்சுருளின் எதிர்ப்பு வெறும் இடையூறன்று. குழந்தை அஞ்சி விரலை எடுக்கும் கணத்தில் எஞ்சினை அடக்குவது அதுவே. எத்திருத்தத்தைச் செய்தாலும், எஞ்சினை நிறுத்திவைத்துக் கைபிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் நெம்பை அழுத்தி விட்டுப்பார்த்தல் அவசியம். அது தானாகவே உடனடியாக மூடிக்கொள்ளவேண்டும். நெம்பு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை வரையறுக்கும் திருகாணியும் இத்தகைய வாகனங்களில் உண்டு. முடுக்கி எளிதாகும்போது வேகத்தின் எல்லையைக் குறைத்து வைப்பதே முறை.

இப்பாதுகாப்புகள் உற்பத்தியாளரின் நல்லெண்ணத்தால் மட்டும் வந்தவை அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் விபத்துகள் பெருகியதன்பின், 1988இல் அரசுக்கும் உற்பத்தியாளருக்குமிடையே நீதிமன்ற வழியாக ஏற்பட்ட இணக்கத்தின்படி முச்சக்கர வகையின் விற்பனை நிறுத்தப்பட்டது. வயதுக்கேற்ற அளவுகளும் வரையறுக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு நியமங்களைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள குழந்தை மருத்துவர் கழகம், 16 வயதுக்குட்பட்டோர் இவ்வாகனங்களை ஓட்டவே கூடாதென அறிவுறுத்துகின்றது. குழந்தையின் விரல் கணக்கில் எடுக்கப்பட்டதற்கு, அதன் பெற்றோர் வாங்கும் சக்தி படைத்தோராய் இருந்தமை ஒரு காரணம். சட்டம் குறுக்கிட்டமை மற்றொரு காரணம்.

விளையாடும் குழந்தையின் கைக்குக் கருவி இணங்கிய வரலாறு இது. உழைக்கும் குழந்தையின் கைக்கு நேர்ந்ததோ வேறு. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில், இயந்திரம் பற்றிய அத்தியாயத்தில், கார்ல் மார்க்ஸ் இதனை விளக்கியுள்ளார். இயந்திரம் தசைவலுவின் தேவையைக் குறைத்தது. அதனால் தொழிலாளியின் சுமை இறங்கவில்லை. மாறாக, வலுக்குறைந்த பெண்களையும் குழந்தைகளையும் மூலதனம் ஆலைக்குள் ஈர்த்துக்கொண்டது என்பது அவரது முடிபு. கருவி எளிதாதல் வேறு, உழைப்பு எளிதாதல் வேறு என்பதே அதன் சாரம்.

அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இங்கு குழந்தையை வேலைக்கு இழுக்க இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. தன்போக்கில் விட்டால் மரமாக வளரும் தேயிலை, கவ்வாத்து வெட்டப்பட்டு இடுப்பளவில் நிறுத்தப்பட்டது. செடி கைக்கு எட்டியது; எனினும் அது கையின் சுகங்கருதிச் செய்யப்பட்டதன்று, கொழுந்தின் பெருக்கங்கருதிச் செய்யப்பட்டது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சிறுவரின் உழைப்பு சட்டப்புத்தகத்திலேயே ஒரு விலைப்படியாக இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இலேயே கிட்டியது. வேலைக்கான குறைந்தபட்ச வயது இலங்கையில் 16 ஆக உயர்ந்தது 2021இலாகும்.

இனி, மலைக்கு வந்துள்ள இயந்திரத்தை நோக்குவோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரலுக்குப் பதிலாக, முதலிற் பை பொருத்திய கத்தரிக்கோலும் அடுத்து மோட்டார் இயந்திரமும் வந்தன. யப்பானிற் பரவலாகிய இவ்வியந்திரங்கள், சீராக வரிசையிட்ட செடிகளுக்கே பெரிதும் பொருந்துவன. நமது மலைகளிலோ சரிவும் கானும் கல்லும் உண்டு. பழைய விதைத் தேயிலைச் செடிகள் ஒரே மட்டத்தில் வளர்வனவல்ல. இத்தகைய இடத்தில் எஞ்சினின் கனத்தையும் அதிர்வையும் தாங்கியபடி முடுக்கியையும் ஆளவேண்டியுள்ளது.

சிறுவர் வாகனத்திற் கண்ட அதே முரண்பாடு ஈண்டும் உள்ளது. முடுக்கிகளுட் சில அழுத்திப் பிடித்தாலன்றித் திறந்திரா. வேறு சில வைத்த இடத்தில் நிற்பன. முன்னையது நாள் முழுவதும் விரலை நோகச் செய்யும். பின்னையது விரலுக்கு ஓய்வளிக்கும். ஆனால் மழையில் நனைந்த சரிவிற் கால் வழுக்கினால் வெட்டும் அலகு தானாக அடங்காது. உராய்வற்ற வடம், கைக்கு அளவான பிடி, எட்டும் தூரத்தில் நெம்பு, தவறாது மூடும் விற்சுருள் ஆகியனவே இங்கும் தீர்வு. விளையாட்டு வாகனத்துக்குக் கிடைத்த இக்கவனம் தொழிற்கருவிக்கும் கிடைத்தல் வேண்டும்.

கைக்கு ஒவ்வாத கருவியின் விளைவு நோவு மட்டுமன்று. கொழுந்தெடுத்தல் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தொழிலாக இருந்துவந்துள்ளது. பெண்ணின் கைக்குள் அடங்காத பிடியும், அவளது தோளுக்கு மீறிய கனமும் உடைய இயந்திரம் வருமாயின், அத்தொழில் அவளைவிட்டு நீங்கும். அவளுக்கு எஞ்சுவது அள்ளுதலும் சுமத்தலுமாகலாம். அப்போது அவளது கை குறையுடையதென்று கூறப்படும். குறை பிடியில் உள்ளதேயன்றிக் கையில் இல்லை.

மறுபுறத்தில், கருவி கைக்கு ஒத்ததாய் அமைந்தாலும் பயன் தொழிலாளிக்கே சேரும் என்பதற்கு உறுதியில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின், பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதெனத் தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டின. நிறை எட்டாவிடின் அரைப்பேர் என்னும் நடைமுறையைத் தோட்டத்தார் நன்கறிவர். இந்நடைமுறையின்கீழ், கருவியால் மிச்சமாகும் ஒவ்வொரு மணித்தியாலமும் மேலதிகக் கிலோவாக மாற்றப்படக்கூடும்.

ஆதலின் இயந்திரத்தை எதிர்ப்பது நமது நோக்கமன்று. கூடையின் பாரத்தை நெற்றியிலும் முதுகிலும் சுமந்தோர்க்கு இலகுவான கருவியை மறுப்பது அறமாகாது. இயந்திரம் மலைக்கு வருமுன் அதனைப் பிடிக்கப்போகும் கை அளக்கப்படல் வேண்டும் என்பதும், பிடியையும் முடுக்கியையும் பரீட்சித்துத் தீர்ப்புக் கூறுவோருள் கொழுந்தெடுக்கும் பெண்களும் இருத்தல் வேண்டும் என்பதும், கருவி தரும் எளிமை நிறையைக் கூட்டுவதற்கு ஏதுவாகாது என்பது கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும் என்பதுமே நாம் வலியுறுத்துவன. மலையகத்து நிறுவைத் தராசு ஒன்றரை நூற்றாண்டாகக் கொழுந்தை நிறுத்துவந்துள்ளது. அக்கொழுந்தைக் கொய்த கையின் அளவைக் குறித்துவைக்கும் ஏடு இனியேனும் திறக்கப்படல் வேண்டும்.